திரும்பும் கணக்கு

நெடுந்தொலைவு பறக்கும் விமானங்களில் ஒவ்வோர் இருக்கையின் முன்பும் சிறிய திரை ஒன்று இருப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். உணவு முடிந்து விளக்குகள் தணிந்த பின், அத்திரையில் விரியும் நீலப்பரப்பும், அதன்மேல் எறும்புபோல் ஊரும் விமானத்தின் உருவமுமே உறக்கம் வராதவர்க்குத் துணை. இலண்டனிலிருந்து நியூயார்க் செல்லும் ஒருவர் அதனை உற்று நோக்குவாராயின், தம் விமானம் நேராகச் செல்லாமல் வடக்கே வளைந்து செல்வதைக் காண்பார். எதற்கு இந்தச் சுற்று என அவர் மனம் வினவக்கூடும். உலகம் உருண்டை, உருண்டையின் மேல் உள்ள மிகக் குறுகிய வழி, தட்டையான படத்தில் வளைந்தே தோன்றும் என்பது பாதி விடை. மீதி விடையைத் திரை சொல்வதில்லை. அந்தக் கோடு அன்றைய காற்றைப் பார்த்து வரையப்பட்டது. அத்துடன், நடுக்கடலில் இயந்திரம் ஒன்று நின்றுபோனால் எந்தக் கரைக்குத் திரும்புவது என்பதையும் பார்த்து வரையப்பட்டது.

நிலத்தின் மேல் பறக்கும் விமானிக்குக் கீழே ஊர்களும் ஓடுதளங்களும் உண்டு. ராடார் கருவியின் கண்ணும் அவரைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். கரையிலிருந்து ஏறத்தாழ இருநூற்றைம்பது கடல்மைலுக்கு அப்பால் இந்த இரண்டும் இல்லை. பூமியின் வளைவுக்கு அப்பால் ராடார் பார்க்க இயலாது. ஆகவே கடல் கடப்பவர், நேரக்கூடிய இடர் எதுவாயினும் அதற்கான விடையைக் கரையிலேயே எழுதி எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டியவராகிறார். இந்தப் பழக்கம் ஒருநாளில் வந்ததன்று. இதன் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் கடலின் மேல் யாரோ சிலர் கழித்த ஓர் இரவு இருக்கிறது.

1919-ஆம் ஆண்டு மே 18 அன்று ஹாரி ஹாக்கர் என்பவரும் மெக்கன்சி கிரீவ் என்பவரும் ஒற்றை இயந்திர விமானம் ஒன்றில் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிழக்கு நோக்கிக் கிளம்பினர். அட்லாண்டிக்கை நிற்காமல் கடப்போர்க்கு இலண்டன் நாளிதழ் ஒன்று பெரும்பரிசு அறிவித்திருந்த காலம் அது. வழியில் இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் கொதிக்கத் தொடங்கிற்று. கரை எட்டாது என்பதை உணர்ந்த ஹாக்கர், கண்மூடித்தனமாக முன்னேறவில்லை. கப்பல்கள் செல்லும் தடத்தை நாடித் தம் விமானத்தைத் திருப்பினார். தேடிய பின் 'மேரி' என்னும் டென்மார்க் நாட்டு நீராவிக் கப்பல் தென்பட்டது. அதனருகே கடலில் இறங்கினார், இருவரும் மீட்கப்பட்டனர். ஆனால் அக்கப்பலில் வானொலிக் கருவி இல்லை. ஒரு வார காலம் உலகம் அவர்களை இறந்தோர் பட்டியலில் வைத்திருந்தது. இங்கிலாந்து மன்னர் ஹாக்கரின் மனைவிக்கு இரங்கல் தந்தியே அனுப்பிவிட்டார். ஸ்காத்லாந்தின் வடமேற்குத் தீவொன்றை அணுகியபோது அக்கப்பல் கொடிகளை உயர்த்திக் காட்டிய சைகையால்தான் அவர்கள் உயிரோடிருப்பது தெரிய வந்தது.

அடுத்த மாதமே ஆல்காக், பிரவுன் என்னும் இருவர் பதினாறு மணி நேரத்திற்குள் அதே கடலைக் கடந்து அயர்லாந்தின் சதுப்பு நிலம் ஒன்றில் மூக்குக் குத்தி இறங்கினர். புகழ் அவர்களுக்கே சேர்ந்தது, சேர வேண்டியதும்தான். எனினும், பின்வந்த கடல் விமானிகளுக்குப் பாடமாக அமைந்தது வென்றவர்களின் பயணமா, தோற்றவர்களின் பயணமா என்று எம்மைக் கேட்டால், ஹாக்கர் விமானத்தைத் திருப்பிய அந்தக் கணத்தையே சொல்வோம்.

திரும்புதல் என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. இரு கரைகளுக்கு இடையே 2,000 கடல்மைல் எனக் கொள்வோம். காற்றே இல்லாதபோது மணிக்கு 500 கடல்மைல் செல்லும் விமானம், மணிக்கு 100 கடல்மைல் எதிர்க்காற்றில் செல்கிறது. முன்னோக்கிப் போகையில் அதன் உண்மை வேகம் 400. திரும்பினால் அதே காற்று பின்னிருந்து தள்ளுவதால் 600. இப்போது நடுவழி எது? ஆயிரமாவது மைல் என்றே எவரும் சொல்வர். அது தவறு. 1,200-ஆவது மைலில்தான் இரு கரைகளும் சம தொலைவாகின்றன. தூரத்தால் அன்று, நேரத்தால். அங்கிருந்து முன்னே 800 மைல் செல்லவும் இரண்டு மணி நேரம். பின்னே 1,200 மைல் திரும்பவும் இரண்டு மணி நேரம். இதனைச் சமநேரப் புள்ளி என்பர். இயந்திரம் நின்றாலோ, பயணி ஒருவருக்கு மாரடைப்பு ஏற்பட்டாலோ, அப்புள்ளிக்கு முன்னர் என்றால் திரும்ப வேண்டும். பின்னர் என்றால் முன்னேற வேண்டும். கேட்பதற்கு எளியது. ஆயினும் இடர் வந்த பின் கலங்கிய மனத்தோடு போடக்கூடிய கணக்கு அன்று இது. ஆகவே முன்னதாகவே போட்டு வைக்கப்படுகிறது. இதற்கு உடன்பிறந்த மற்றொரு புள்ளியும் உண்டு. புறப்பட்ட இடத்திற்கே மீள்வதற்கு வேண்டிய எரிபொருள் எங்கே தீர்கிறதோ, அதுவே திரும்ப முடியாத எல்லை.

இந்தக் கணக்கெல்லாம் பயன்படாத ஒரு பயணமும் நம் அண்டைக்கடலில் நடந்தது. 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனதும் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான வான்வழி அறுந்தது. அதனை மீண்டும் இணைக்க, 1943-ஆம் ஆண்டு முதல் குவாண்டாஸ் நிறுவனத்தின் கேட்டலினா நீர்விமானங்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து இலங்கையின் காலிக்கு அருகேயுள்ள கொக்கல ஏரிக்குப் பறந்தன. இந்துமாக்கடலின் குறுக்கே சுமார் 3,500 மைல்; இருபத்தேழு மணி முதல் முப்பத்திரண்டு மணி வரை நீளும் பயணம். எரிபொருளின் சுமையால் மூன்று பயணிகளுக்கு மேல் இடமில்லை. எதிரி கேட்டுவிடுவான் என்பதால் வானொலியில் பேசவும் தடை. விண்மீன்களை அளந்தே வழி கண்டனர். விமானங்களுக்கும் வேகா, ஆல்டெயர், ரைகல், அன்டாரஸ், ஸ்பைக்கா என விண்மீன்களின் பெயர்களையே சூட்டியிருந்தனர். ஒரே பயணத்தில் இருமுறை கதிரவன் உதிப்பதைக் கண்டவர்க்கு 'இரட்டை விடியல்' என்னும் சான்றிதழ் வழங்கப்பட்டது. புறப்பட்ட பின் பல மணி நேரம், இரு இயந்திரங்களில் ஒன்று நின்றாலும் அச்சுமையோடு விமானம் உயரத்தில் நிற்க இயலாது. 1945 வரை 271 முறை இவ்வாறு கடந்தனர். ஒன்றும் கடலில் வீழவில்லை. இதனைத் துணிவு என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது! ஆனால் போர்க்காலத் துணிவை அமைதிக்காலப் பயணிகளிடம் எதிர்பார்க்க முடியாதன்றோ? பயணச்சீட்டு வாங்கியவருக்குத் துணிவு தேவைப்படக் கூடாது.

போர் முடிந்ததும் நாடுகள் கூடி 1946-இல் ஓர் ஏற்பாடு செய்தன. வட அட்லாண்டிக்கில் குறித்த சில இடங்களில் கப்பல்கள் நிலையாக நிற்பது என்பதே அது. எங்கும் போகாத கப்பல்கள்! ஒவ்வோர் இடத்திற்கும் ஆங்கில எழுத்தைக் குறிக்கும் ஒரு பெயர்: சார்லி, மைக் என்றவாறு. வானிலையை அளந்து சொல்வதும், மேலே செல்லும் விமானங்களுக்கு இருப்பிடம் உணர்த்துவதும், வேண்டியபோது மீட்பதும் அவற்றின் பணி. வாரக்கணக்கில் ஒரே சதுரத்தில் அலையோடு ஆடிக்கொண்டு, வராதிருக்க வேண்டும் என்று தாம் விரும்பும் ஒன்றுக்காகக் காத்திருந்த மாலுமிகளை எண்ணிப் பார்க்கிறோம்.

அவர்கள் காத்திருந்தது வீணாகவில்லை. 1947 அக்டோபரில் 'பெர்முடா ஸ்கை குவீன்' என்னும் நீர்விமானம் 69 பேருடன் அயர்லாந்திலிருந்து நியூஃபவுண்ட்லாந்துக்குப் புறப்பட்டது. எண்ணியதைவிடக் கடுமையான எதிர்க்காற்று. எரிபொருள் கரைந்தது, முன்னேயும் கரை எட்டாது, பின்னேயும் எட்டாது. சார்லி நிலையத்தில் நின்ற 'பிப்' என்னும் அமெரிக்கக் கடலோரக் காவற்படைக் கப்பலை நாடி வந்து கொந்தளிக்கும் கடலில் இறங்கியது. மலைபோன்ற அலைகளுக்கிடையே மிதவைகளில் சிறு சிறு குழுவாக, 69 பேரும் கரையேறினர் என்று சொல்ல முடியாவிட்டாலும், கப்பலேறினர். செலவு மிகுதி என்று வானிலைக் கப்பல்களை விலக்கிக்கொள்ள எண்ணியவர்களுக்கு இந்நிகழ்ச்சியே மறுமொழியாயிற்று.

பசிபிக் கடலில் நடந்த மற்றொன்றை இன்னும் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். 1956 அக்டோபர் 15 இரவு, பான் அமெரிக்கன் நிறுவனத்தின் ஆறாம் எண் விமானம் 24 பயணிகளோடும் 7 பணியாளரோடும் ஹொனலுலுவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்டது. தலைமை விமானி ரிச்சர்ட் ஆக். நான்கு இயந்திரங்கள் கொண்ட பெரிய விமானம். நள்ளிரவு தாண்டி நடுவழியில், முதல் இயந்திரத்தின் சுழல்விசிறி அளவு மீறிச் சுழலத் தொடங்கியது. பழுதான விசிறியின் இதழ்களைக் காற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்திவிட்டால் அது தடையாக இராது; இந்த விசிறியோ திருப்பவும் இயலாமல், நிறுத்தவும் இயலாமல் காற்றில் சுழன்று விமானத்தைப் பின்னே இழுத்தது. பிறகு நான்காம் இயந்திரமும் ஓய்ந்தது. மீதியிருந்த இரண்டைக் கொண்டு, அந்த இழுவையோடு, இருக்கும் எரிபொருளில் எந்தக் கரையையும் எட்ட முடியாது.

ஆனால் அருகே 'நவம்பர்' நிலையம் இருந்தது. அங்கு 'பான்சர்ட்ரெயின்' என்னும் காவற்கப்பல் நின்றிருந்தது. ஆக் உடனே இறங்கவில்லை. இருளில் அலையின் முகம் தெரியாது. விடியட்டும் என முடிவு செய்தார். கப்பலின் மேலே, இரண்டே இயந்திரங்களோடு, அந்த விமானம் மணிக்கணக்கில் வட்டமிட்டது. எரிபொருள் எரிந்து சுமையும் குறைந்தது. உள்ளே குழந்தைகள் இருந்தனர். ஆக் மற்றொன்றையும் நினைவில் வைத்திருந்தார். முந்தைய ஆண்டு, 1955 மார்ச்சில், இதே வகை விமானம் ஒன்று ஆரிகன் கடலோரம் நீரில் இறங்கியபோது அதன் வால்பகுதி முறிந்தது. 23 பேரில் நால்வர் மாண்டனர். ஆகவே பின்புற இருக்கைகளில் இருந்தோர் அனைவரையும் முன்னே வரச் செய்தார். காலை ஆறு மணி கடந்ததும், கப்பல் கடலின் மேல் நுரையால் வெண்பாதை ஒன்றை விரித்துக் காட்ட, அதன் வழியே விமானம் இறங்கியது. வால் முறிந்தது. அங்கே எவரும் இல்லை. சுமார் இருபது நிமிடங்களில் விமானம் மூழ்கியது. அதற்குள் 31 பேரும் மீட்கப்பட்டனர். சரக்கறையில் இருந்த ஆயிரக்கணக்கான கானரிப் பறவைகளைக் காப்பாற்ற வழியில்லாமற்போயிற்று.

அந்த வெற்று இருக்கைகளை நினைக்கும்தோறும், முந்தைய ஆண்டு மாண்ட நால்வரையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது. அவர்களது முடிவை யாரோ ஒருவர் ஆராய்ந்து தாளில் எழுதினார். ஒருவர் அதைப் படித்தார். அந்த இரவில் நினைவுகூர்ந்தார். விதிநூல்கள் உலர்ந்த நூல்கள் என்று நாம் எண்ணுவது பெரும்பாலும் அவற்றின் முன்கதையை அறியாததால்தான்.

ஜெட் விமானங்கள் 1958-இல் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியதும் இடர் வேறு வடிவம் கொண்டது. கடல் வெறுமையாக இருந்ததுபோய் நெரிசலாயிற்று. அனைவரும் ஒரே காற்றைத் தேடினர். மேற்கே செல்வோர் வேகமான உயர்வானக் காற்றை விலக்கவும், கிழக்கே வருவோர் அதன் முதுகில் ஏறவும் விரும்பினர். ஆகவே 1960-களில் தொடங்கி, அன்றன்றைய காற்றுக்கேற்ப நாள்தோறும் இருமுறை வான்தடங்கள் புதிதாக வகுக்கப்படலாயின. பகலில் மேற்கு நோக்கிய தடங்களை ஷேன்விக் மையமும் (ஷேனன், பிரெஸ்ட்விக் என்னும் இரண்டு ஊர்ப்பெயர்களை ஒட்டிப் பிறந்த பெயர் இது, அவ்விரண்டில் ஒன்று அயர்லாந்தில், மற்றது ஸ்காத்லாந்தில்), இரவில் கிழக்கு நோக்கியவற்றைக் கனடாவின் காண்டர் மையமும் வகுக்கின்றன. பல்லாண்டுகள் விமானிகள் பத்துப் பாகைக்கு ஒருமுறை, இரைச்சல் மிகுந்த வானொலியில் தம் இருப்பிடத்தைச் சொல்லிச் சென்றனர். 2019-ஆம் ஆண்டு முதலே துணைக்கோள்கள் வழியாக அங்கு விமானங்களைத் தொடர்ந்து கண்காணிக்கும் வசதி வந்தது.

இந்நெரிசலில் ஒரு விமானத்தின் இயந்திரம் பழுதானால் என் செய்வது? உயரம் குறைந்தே ஆக வேண்டும். ஆனால் ஆயிரம் அடிக்குக் கீழே அதே தடத்தில் வேறொரு விமானம், அதில் முந்நூறு பேர். தன் இடரைப் பிறர் தலையில் இறக்கக் கூடாது. எனவே விதி இவ்வாறு சொல்கிறது: முதலில் தடத்தை விட்டு விலகித் திரும்பு, குறித்த தூரம் ஒதுங்கி இணையாகச் செல், வெளி விளக்குகளை எரியவிட்டு, அனைவரும் கேட்கும் அலைவரிசையில் அறிவி, பின்னரே இறங்கு. இந்த ஒதுங்கு தூரம் முன்பு 15 கடல்மைலாக இருந்தது. 2020 முதல் உலகெங்கும் 5 ஆக்கப்பட்டது.

வியப்பான செய்தி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பழங்காலத்தில் விமானங்கள் தடத்தில் அங்குமிங்கும் சில மைல் பிசகிச் சென்றன. யாரேனும் உயரத்தில் தவறினாலும், பெரும்பாலும் அந்தப் பிசகே காப்பாற்றியது. துணைக்கோள் வழிகாட்டல் வந்தபின் எல்லா விமானமும் கோட்டின் மேல் இம்மியும் விலகாமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சென்றன. துல்லியமே இடராயிற்று! ஆகவே இப்போது விமானிகள் விரும்பியே கோட்டிற்கு வலப்புறம் இரண்டு கடல்மைல் வரை விலகிச் செல்ல அனுமதிக்கப்படுகின்றனர்.

இரட்டை இயந்திர விமானங்களின் கதை வேறு. 1953-இல் அமெரிக்கா வகுத்த விதிப்படி, அவை ஒற்றை இயந்திரத்தின் வேகத்தில் அறுபது நிமிடத்தில் எட்டக்கூடிய விமான நிலையத்தை விட்டு விலகிச் செல்லக் கூடாது. நடுக்கடல் அவற்றுக்கு மூடப்பட்ட கதவு. மூன்று, நான்கு இயந்திர விமானங்களே ஆண்டன. 1985-இல்தான் கதவு திறந்தது; எல்லை 120 நிமிடமாகவும், 1988-இல் 180 நிமிடமாகவும் விரிந்தது. 2014-இல் ஏர்பஸ் ஏ350 வகைக்கு 370 நிமிடம் வரை ஒப்புதல் கிடைத்தது. 'ஈடாப்ஸ்' எனப்படும் இவ்விதிக்கு, இயந்திரம் சுழல வேண்டும், இன்றேல் பயணியர் நீந்த வேண்டும் என்று விமானிகள் வேடிக்கையாக விரிவு கூறுவதுண்டு.

இயந்திரத்தை மட்டும் நம்பி இவ்விதி எழுதப்படவில்லை. 1983 மே 5 அன்று மியாமியிலிருந்து பஹாமாவுக்குச் சென்ற ஈஸ்டர்ன் நிறுவனத்தின் மூன்று இயந்திர விமானம் ஒன்று, 172 பேருடன் கடலின் மேல் ஒவ்வோர் இயந்திரமாக இழந்தது. பராமரிப்பின்போது மூன்று இயந்திரங்களிலும் ஒரே சிறு ரப்பர் வளையத்தைப் பொருத்த மறந்திருந்தனர். எண்ணெய் முழுதும் கசிந்துபோயிற்று. முன்னரே நிறுத்தி வைத்த ஓர் இயந்திரத்தை மீண்டும் இயக்கி, அதைக் கொண்டே மியாமிக்கு மீண்டனர். மூன்று இயந்திரம் இருந்தென்ன? தவறிய கை ஒன்றே. இதனால், கடல் கடக்கும் இரட்டை இயந்திர விமானத்தில் ஒரே தொழிலாளர் ஒரே வேளையில் இரு இயந்திரங்களிலும் ஒரே பணியைச் செய்தலாகாது என்னும் நெறி வலுப்பெற்றது. மனிதக் கை தவறும் என்பதை ஒப்புக்கொண்டு, அத்தவறு இரு மடங்காகாதபடி தடுக்கும் நெறி இது.

2001 ஆகஸ்டு 24 அன்று இக்கணக்குகள் அனைத்தும் ஒரே இரவில் சோதிக்கப்பட்டன. டொராண்டோவிலிருந்து லிஸ்பன் சென்ற ஏர் டிரான்சாட் விமானத்தில் 306 பேர். பொருந்தாத ஓர் உதிரிப்பாகத்தால் வலது இயந்திரத்தின் எரிபொருள் குழாய் உராய்ந்து கிழிந்தது. இருபக்கத் தொட்டிகளில் அளவு வேறுபடுவதைக் கண்ட விமானிகள், கசிவு என்று அறியாமல் ஒரு பக்கத்து எரிபொருளை மறுபக்கத்திற்குத் திறந்துவிட்டனர். அதுவும் கடலில் கொட்டிப்போனது. இது பிழையே, மறைப்பதற்கில்லை. ஆயினும் கரை இருந்தது. அசோர்ஸ் தீவுக்கூட்டத்தின் டெர்செய்ரா தீவில் உள்ள லாஜெஸ் நிலையத்தை நோக்கி அவர்கள் முன்னதாகவே திரும்பிவிட்டனர். இரு இயந்திரங்களும் அவிந்தபின், தலைமை விமானி ராபர்ட் பிஷேயும் இணைவிமானி டிர்க் டி யாகரும் ஓசையற்ற அந்த விமானத்தைப் பத்தொன்பது நிமிடங்கள் காற்றில் மிதக்கவிட்டு, விடிவேளையில் ஓடுதளத்தில் இறக்கினர். சக்கரங்கள் வெடித்தன, சிலர் காயமுற்றனர், உயிரிழந்தவர் எவருமில்லை. நெரிசல் காரணமாக அவ்விரவு அவ்விமானத்திற்கு வழக்கத்தைவிடத் தெற்கே தள்ளிய தடம் தரப்பட்டிருந்தது. வடக்கே சென்றிருந்தால் அத்தீவு எட்டியிராது.

அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளி மூடப்பட்டபோது, கடலின் மேலிருந்த 38 பெரிய விமானங்கள் நியூஃபவுண்ட்லாந்தின் காண்டரில் இறங்கின. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் வாழும் ஊருக்கு ஒரே நாளில் ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட விருந்தினர். பள்ளிகளும் ஆலயங்களும் வீடுகளும் திறந்தன.

கடலின் நடுவே இவ்வாறு காத்திருக்கும் ஓடுதளங்கள் இன்னும் சில உண்டு. பசிபிக்கின் மிட்வே தீவில் வாழ்வோர் சில பத்துப்பேர். மற்றபடி இலட்சக்கணக்கான ஆல்பட்ராஸ் பறவைகள். அவை கூடு கட்டும் காலத்தில் அங்கு வரும் விமானங்கள் பறவைகள் அடங்கிய இரவில்தான் இறங்குகின்றன. எனினும் ஓடுதளம் பேணப்படுகிறது. பயணியர் விமானம் எதுவும் அங்கே செல்வதாகப் பயணச்சீட்டில் எழுதப்படுவதில்லை. வானிலைக் கப்பல்களோ துணைக்கோள்களின் வரவால் ஒவ்வொன்றாக விடைபெற்றன. 'மைக்' நிலையத்தில் நின்ற நார்வே நாட்டுக் கப்பல் 'போலார்ஃபிரண்ட்' 2010 ஜனவரியில் திரும்பியதோடு அந்த வரிசை முடிந்தது.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் செல்லும் நம்மவர் நான்கு மணி நேரத்தில் வங்கக்கடலைக் கடந்துவிடுகின்றனர். அக்கடலின் பெரும் பரப்பைச் சென்னைக் கட்டுப்பாட்டு மையமே கவனித்துக்கொள்கிறது. பயணியர் கம்பளியை இழுத்துப் போர்த்திக் கண்ணயர்ந்திருக்கும் வேளையில், முன்னறையில் ஒருவர் எரிபொருளின் அளவைத் தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்கிறார். சமநேரப் புள்ளி கடந்துவிட்டது. இனி இடர் நேர்ந்தால் திரும்புவதற்கில்லை, முன்னேதான். அடுத்த கரையின் வானிலையைக் கேட்டு எழுதி வைத்துவிட்டு, அவர் மறுபடியும் இருளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.